வழி கேளாமல் எழும்பியவன்

ஆபிரிக்காவில் இரண்டு நாடுகளை மின்கம்பியால் இணைத்து வைத்திருந்தவன் என்று நானே என்னைச் சிலரிடம் அறிமுகப்படுத்தியது உண்டு. மனைவி பக்கத்தில் இல்லாத வேளைகளில் மட்டும். அவர் நின்றால், "இவர் இணைச்சவர் இல்லை. இணைச்சு வச்சிருந்த இடத்திலை ஃபோன் எடுத்தவர்," என்று திருத்திவிடுவார். திருத்தம் சரியானது. அதனால்தான் வலிக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹில்ஸ்பரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கவிதா சாப்பிட வந்தார். மதுரைப் பக்கத்துப் பெண். எங்கள் நகரத்தின் மறுகோடியில், ஆல்பனியில், ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. ஆபிரிக்காவில் இரண்டு நாடுகளுக்கிடையே புதிதாகப் போடும் மின் இணைப்புக்கு அவர்கள்தான் நிரல் எழுதுகிறார்களாம். வத்தக்குழம்புக்கும் தயிருக்கும் இடையில் கேட்டார்:

"அங்கிள், லைன்ல ரிப்பேர் முடிஞ்சதும் 'ஆளெல்லாம் இறங்கியாச்சு'ன்னு ஃபோன்ல ஒரு பட்டனைத் தட்டினா போதும். அப்படித்தான் நாங்க பண்ணிருக்கோம். உங்க காலத்துல இதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"செத்தவீட்டுக்குப் போவம்," என்றேன்.

கவிதா சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை, அவருக்கு அந்தக் கதை தெரியும். "பிள்ளை, கையைக் கழுவிப்போட்டு வசதியா இரும். இது இண்டைக்கு முடியாது," என்றார். உண்மையில் அன்று முடியவில்லை. குழம்பில் தொடங்கி, நான் வேலைக்குச் சேர்ந்த விதத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கவிதாவின் கணவர் காரை வெளியே எடுத்துவிட்டார். "ஒரு கேள்விக்கு மூணு கதை சொல்றீங்க அங்கிள். எழுதிக் குடுத்துடுங்களேன், எங்க டீமுக்கு நான் சொல்லிக்கிறேன். தமிழ்ச் சங்கத்து மலருக்கும் ஆச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, இதை வாசிப்பவர்கள் குறை சொல்ல விரும்பினால் ஆல்பனிப் பக்கம் திரும்பிச் சொல்லவும்.

நான் சாம்பியாவுக்குப் போனது கெட்டித்தனத்தால் அல்ல, கல்யாணத்தால். மனைவி கணித ஆசிரியை. அந்த நாட்டு அரசாங்கம் அவரைக் கூப்பிட்டது; அவருடைய பெட்டிகளோடு நானும் போய் இறங்கினேன். அங்கே இலங்கையர் என்றால் வாத்தியார்தான். சந்தைக்குப் போனால் பிள்ளைகள் என்னைப் பார்த்து "டீச்சர், டீச்சர்" என்று கும்பிடுவார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டுத் தக்காளி வாங்குவேன். உண்மையில் நான் ஊரில் கம்பம் ஏறியவன். படிப்பு, பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும். மற்றதெல்லாம் இயந்திரங்களோடு வரும் கையேடுகளை அகராதி வைத்து வாசித்தது. சாம்பியா மின்சாரசபையில் நேர்முகம் நடத்தியவர் பத்து நிமிடம் என்னைப் பேசவிட்டுக் கேட்டார், பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "இந்த ஆளின்ரை குரல் ஃபோன் இல்லாமலே எல்லை தாண்டும்," என்றார். அதுதான் என் தகுதிச் சான்றிதழ். ஏணி பிடித்தேன், மீட்டர் வாசித்தேன், உப மின்நிலையத்தில் புல் வெட்டினேன். ஒருநாள் கட்டுப்பாட்டு அறையில் நாற்காலி தந்தார்கள். பயிற்சிக் காலம் முழுவதும் இவ்வளவுதான்.

அங்கே பேசியது ஆங்கிலமும் நியாஞ்சா மொழியும். என் காதுக்குள் இறங்கும்போது எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகித்தான் இறங்கும். அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் நிலையம் சிப்பாட்டா என்ற நகரத்தில். அங்கிருந்து மலாவி எல்லை கிட்ட. எல்லைக்கு இரு புறமும் ஒரே சனம், ஒரே மொழி. மாமன் இந்தப் பக்கம், மருமகன் அந்தப் பக்கம். கோடு கீறியவர்கள் வேறு யாரோ. மின்சாரம் இரு நாட்டுக்கும் தண்ணீரிலிருந்துதான் வந்தது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: மழை பொய்த்தால் எங்களுக்கு அணை வற்றும், மழை கொட்டினால் ஏரியிலிருந்து புறப்படும் அவர்களுடைய ஆற்றில் களையும் சேறும் வந்து இயந்திரத்தின் வாயை அடைக்கும். ஒருவருக்கு வெயில் பகை, மற்றவருக்கு மழை பகை. இப்படிப்பட்ட இரண்டு வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கொடுத்து வாங்காமல் என்ன செய்யும்? அதற்காகத்தான் அந்த லைன்.

இரண்டு நாட்டு மின்சாரத்தைச் சேர்ப்பது, கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் இரண்டு பேரைப் போன்றது. கால் ஒரே தாளத்தில் விழ வேண்டும். எங்கள் மேசைக்கு மேலே ஒரு வட்டமான கருவி. அதற்குள் ஒரு முள் சுற்றும். அவர்களுடைய தாளம் எங்களுடையதை விட வேகமென்றால் ஒரு பக்கம், மெதுவென்றால் மறுபக்கம். முள் உச்சிக்கு வந்து சோம்பேறித்தனமாக நிற்கப் பார்க்கும் கணத்தில், இரண்டு பக்கத்தையும் சேர்க்கும் பெரிய சுவிட்சான பிரேக்கரை மூட வேண்டும். முந்தினால் கட்டிடமே ஒருமுறை உறுமும். நான் முதல்முறை மூடியபோது உறுமியது. வெளியே புல் மேய்ந்த ஆடுகள் ஓடின. அதற்குப் பிறகு சக ஊழியர்கள் நான் பணிக்கு வரும் நாட்களில், "ஆட்டைக் கட்டுங்கோ, டீச்சர் வாறார்," என்பார்கள்.

என் மேலதிகாரி தெம்போ. உயரமில்லை, பருமனுமில்லை. குரல் அதைவிடச் சிறியது. யாராவது கத்தினால் அவர் இன்னும் மெதுவாகப் பேசுவார். கத்துகிறவர் கேட்பதற்காகக் கத்தலை நிறுத்த வேண்டி வரும். 'இல்லை' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. மறுப்பதென்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவரிடம் ஒரு பழக்கம்: முக்கியமான கேள்வியை இரண்டு தரம் கேட்பார். அதே சொற்கள், அதே குரல். முதல் தரம் பதில் சொன்ன பிறகும், ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடியும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"முதல் தரம் வாய் சொல்லும். இரண்டாம் தரந்தான் ஆள் சொல்லும்," என்றார்.

எல்லைக்கு அப்பால் இருந்த கட்டுப்பாட்டு அறையில் திருமதி சிர்வா. அவரோடு ஃபோனில் பேசுவதற்கு ஒரு முறை இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல், அவர் அதைத் திருப்பிச் சொல்வார், சரியென்றால் சரியென்று சொல், வை. நான்கு வரியில் முடிய வேண்டும். எனக்கு நான்கு வரியில் ஒரு தும்மலைக்கூட முடிக்க வராது. அந்த அழைப்புகள் எல்லாம் நாடாவில் பதிவாகும். புதியவர்கள் சேரும்போது தெம்போ என் அழைப்பு ஒன்றைப் போட்டுக் காட்டுவார். பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் அழைப்பு அது. அதில் திருமதி சிர்வாவின் மகளுடைய பரீட்சை, எங்கள் ஊர் மாம்பழம், என் முழங்கால், எல்லாம் வரும். பிரேக்கர் கடைசியில் வரும். "இதிலை என்ன பிழை?" என்று தெம்போ கேட்பார். புதியவர்கள் சிரிக்கலாமா என்று என்னைப் பார்ப்பார்கள். நான்தான் முதலில் சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

இனி, செத்தவீட்டுக் கதைக்குத் தேவையான ஒரு விதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். லைனில் ஆட்கள் ஏறி வேலை செய்ய வேண்டுமென்றால், இரண்டு நாடும் தத்தம் முனையில் இணைப்பைத் துண்டித்து, கம்பியை நிலத்தோடு பிணைத்து, பூட்டுப் போட வேண்டும். பிறகு வேலைக்குப் பொறுப்பானவர் கையில் பெர்மிட் என்ற தாளைக் கொடுப்போம். 'இது உன்னிடம் இருக்கும்வரை இந்தக் கம்பிக்கு உயிர் வராது' என்பது அதன் பொருள். வேலை முடிந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டியவர், அதை வாங்கிய அதே ஆள். அவருடைய உதவியாளர் அல்ல, தம்பி அல்ல, அமைச்சர் அல்ல. வாங்கிய வாய்தான் 'எல்லாரும் இறங்கிவிட்டார்கள்' என்று சொல்ல வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் புயல் வந்து மலாவிப் பக்கத்தில், எல்லைக்கு அண்மையில், லைனைச் சாய்த்துவிட்டது. அதோடு எல்லைக்கு அப்பால் இருந்த சிறு நகரம் இருட்டில் போனது. அங்கே ஓர் ஆசுபத்திரி. டீசல் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இயந்திரமோ ஆசுபத்திரிக்கு வந்த நோயாளிகளைவிட மோசமாக இருமியது. திருத்த வேலைக்குப் பொறுப்பானவன் லவ்மோர் என்ற ஃபோர்மன். எப்போதும் தொப்பியைப் பின்பக்கமாகப் போட்டிருப்பான், வேலை சுத்தம். பெர்மிட் அவன் கையில்.

அன்று நண்பகல் தாண்டித் திருமதி சிர்வா அழைத்தார். அவருடைய குரலில் வழக்கமான நிதானம் இல்லை.

"லைன் வேலை முடிஞ்சுதாம். பெடியள் வான் வண்டியிலையிருந்து ரேடியோவிலை சொல்லிப்போட்டாங்கள்."

"நல்லது. லவ்மோர் எங்கை?"

"அதுதான் பிரச்சினை. டவராலை இறங்கி நிக்கேக்கை செய்தி வந்திருக்கு, தமையன் செத்துப்போனார் எண்டு. அவன்ரை ஊர் அந்த டவருக்குப் பக்கத்திலைதான். அப்படியே நடந்து போட்டான். ஊருக்குள்ளை ஃபோன் எடுக்காது."

நான் தெம்போவைப் பார்த்தேன். தெம்போ தன் மேசையிலிருந்து எழும்பி, எங்கள் முனையின் பூட்டுச் சாவியைப் பெட்டியிலிருந்து எடுத்தார். எடுத்து, தன் நாற்காலி மெத்தையைத் தூக்கி, அதற்குக் கீழே வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டார்.

சற்று நேரத்தில் தலைமையகத்து டைரக்டர் நேரிலேயே வந்துவிட்டார். வேறு ஏதோ வேலையாக எங்கள் நகரத்தில் நின்றவர். கெட்ட மனிதரல்ல, ஆசுபத்திரியிலிருந்து அவருக்கு ஃபோன் மேல் ஃபோன்.

"வேலை முடிஞ்சுதெண்டு அவங்களே சொல்லுறாங்கள். இன்னும் ஏன் பூட்டிவச்சிருக்கிறியள்?"

தெம்போ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஸ்டர் தெம்போ, நான் உங்களோடைதான் கதைக்கிறன். எழும்பி நிண்டு பதில் சொல்லுங்கோ!"

"மன்னிக்க வேணும், சேர். முழங்கால்."

"சாவி எங்கை?"

"பத்திரமா இருக்கு, சேர்."

"அங்கை பிள்ளை பெறுகிற பெண்டுகள் இருட்டிலை கிடக்கினம், தெரியுமோ?"

"தெரியும், சேர். அதிலை ஒருத்தி என்ரை தங்கச்சியின்ரை மருமகள்," என்றார் தெம்போ, இன்னும் மெதுவாக. "பெர்மிட் எடுத்தது ஆர்?"

"லவ்மோரோ ஆரோ..."

"பெர்மிட் எடுத்தது ஆர்?"

டைரக்டர் சன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு தெம்போ என் பக்கம் திரும்பினார். "சிவா, நீர் போம். பிக்கப்பை எடும். எல்லையிலை நிக்கிறவங்களை உம்மடை வாயாலை கடக்கலாம். செத்தவீட்டிலை அந்த வாயை மூடிக்கொண்டிரும். லவ்மோரிட்டைக் கேட்டு, மேட்டுக்கு வந்து ரேடியோவிலை எனக்குச் சொல்லும்."

மேடு என்றது எல்லைக் காவலுக்கு இப்பால் வீதி ஏறுகிற இடம். அங்கிருந்துதான் வாகன ரேடியோ எங்கள் அறைக்கு எடுக்கும்.

எல்லையைக் கடந்தது பற்றிப் பெருமையடிக்க எனக்கு ஆசை. ஆனால் உண்மை என்னவென்றால், 'செத்தவீடு' என்று சொன்னதும் காவலர் வீதிக்குக் குறுக்கே கிடந்த தடியைத் தூக்கி வழிவிட்டார். நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு முழுவதும் வீணாகியது.

ஊருக்குள் போனபோது வீட்டுக்குள்ளிருந்து பெண்களின் பாட்டு. ஆண்கள் வெளியே மரநிழலில் நிலத்தில் இருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகப் போய் இருந்தேன். செத்தவீடு எனக்குப் புதிதல்ல. எங்கள் ஆட்களுக்கு வேறெங்கும் சேர்ந்திருக்கத் தெரியாவிட்டாலும் செத்தவீட்டில் கூடியிருக்கத் தெரியும். வந்தவரை 'வாருங்கோ' என்று வரவேற்க மாட்டோம். வந்தவரும் ஒன்றும் பேச மாட்டார். அதே மாதிரியே இங்கும் இருந்தேன். என் பக்கத்தில் இருந்தவர் இருமினார், நானும் இருமினேன். வாழ்க்கையில் அதற்கு முன் அவ்வளவு நேரம் நான் மௌனமாக இருந்தது பல் பிடுங்கிய அன்றுதான்.

கடைசியில் லவ்மோர் என்னைக் கண்டு எழும்பி வந்தான். தொப்பி இல்லை, முகம் வீங்கியிருந்தது. தானியக் கொட்டிலுக்குப் பின்னால் நின்று பேசினோம்.

"அண்ணைக்கு என்ன நடந்தது?"

"நெஞ்சு. காலமை தோட்டத்திலை நிண்டவர்."

கேட்கவே கூசியது. ஆனாலும் கேட்டேன். "லவ்மோர், மேலை ஏறின எல்லாரும் இறங்கிட்டினமோ?"

"ஓம். நான் நிண்டு ஒவ்வொருத்தரா எண்ணித்தான் இறக்கினனான். நிலத்தோடை பிணைச்ச எங்கடை ஏர்த் கம்பியள் எல்லாம் கழட்டியாச்சு. வேலைக் கயிறு மட்டும் டவரிலை சுத்திக் கட்டிக் கிடக்கு. மின்கம்பிக்குக் கிட்ட இல்லை. நாளைக்கு எடுப்பம்."

சொன்னது அத்தனையும் உண்மை. பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டுத் தந்தான். நான் அவன் தோளைத் தொட்டேன். அவன் உள்ளே போனான். இரண்டாம் தரம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதா என்றால், தோன்றியது. தமையனை இழந்தவனைப் போட்டு ஒரே கேள்வியால் அடிப்பதா என்று விட்டுவிட்டேன். தெம்போவாக இருந்திருந்தால் கேட்டிருப்பார். கேட்டிருந்தாலும் லவ்மோர் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகு நான் செய்தது, எங்கள் ஊரில் பிறந்த எவரும் செய்வது. ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்தேன். செத்தவீட்டிலிருந்து வெளிக்கிடும்போது 'போட்டு வாறன்' என்று நாங்கள் சொல்வோமா? திரும்பி வருகிற இடமா அது? அப்படிச் சொன்னால் சொன்னவனை அடிக்க வருவார்கள். ஆகவே மிகவும் மரியாதையாக, பூனை மாதிரி நழுவி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பிக்கப்புக்குப் போனேன். என் நாகரிகத்தை நானே மெச்சிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

பின்னால் சத்தம். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு ஆண்கள் கையை வீசிக்கொண்டு ஓடி வருகிறார்கள். இன்னும் நாலைந்து பேர் அவர்களுக்குப் பின்னால். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக் கத்துகிறார்கள். வீரன் ஒருவன் இந்த இடத்தில் வண்டியை நிறுத்தியிருப்பான். நான் கதவுகளை உள்ளே பூட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினேன். என்ன குற்றம் செய்தேன் என்று தெரியாமலே தப்பி ஓடினேன். வளைவில், செத்தவீட்டுக்கு விறகு ஏற்றி வந்த மாட்டுவண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அடுத்த நிமிடம் ஒருவர் என் சன்னலைத் தட்டினார்.

"சேர், பெரியவர் கூப்பிடுறார்."

என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போன விதம், கோழி திருடியவனைக் கூட்டிப் போகிற மாதிரி. பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மரத்தடியில் இறந்தவரின் தாய்மாமன் இருந்தார். மெலிந்தவர், தோளில் ஒரு சால்வை.

"உம்மை ஆராவது அடிச்சவையோ?"

"இல்லை, ஐயா."

"தண்ணி தராமல் விட்டவையோ?"

"இல்லை, ஐயா. தந்தவை."

"பின்னை ஏன் களவா ஓடினனீர்? எங்கடை வீட்டிலை செத்தவீடு. ஒருத்தர் வழி கேளாமல் எழும்பிப் போனால் ஊர் என்ன சொல்லும்? சாவுக்கு அவர்தான் காரணம், அதாலை ஓடுறார் எண்டு சொல்லாதோ?"

அப்போதுதான் விளங்கியது. அங்கே செத்தவீட்டிலிருந்து போவதென்றால் மூத்தவர் முன்னால் இருந்து வழி கேட்க வேண்டும். அவர், எங்கே போகிறாய், என்ன வேலையாகப் போகிறாய் என்று விசாரித்து வழி தருவார். நான் மரியாதை என்று நினைத்துச் செய்தது அங்கே கொலைகாரன் செய்கிற வேலை. எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். கேட்டுவிட்டு மாமன் பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம், அங்கை ஆக்கள் செத்தவீட்டிலையிருந்து ஒளிச்சோடுவினமாம்," என்றார். அந்தத் துக்கத்திலும் இரண்டொரு தோள்கள் குலுங்கின.

"சரி, இப்ப கேளும்."

"ஐயா, எனக்கு வழி தர வேணும்."

"எங்கை போறீர்?"

"எல்லைக்கு அங்காலை, மேட்டுக்கு."

"என்ன வேலை?"

"ரேடியோவிலை சொல்ல வேணும். லைனுக்குக் கரண்ட் குடுக்கப் போறம். ஆசுபத்திரிக்கு."

மாமன் சால்வையைச் சரிசெய்தார்.

"இப்பவோ? அப்ப எங்கடை கயிறு?"

"என்ன கயிறு, ஐயா?"

"நாளைக்குப் பெட்டியைக் குழிக்குள்ளை இறக்க நல்ல கயிறு வேணுமல்லோ. லவ்மோரின்ரை பெடியள் கயிறு டவரிலை கிடக்கு எண்டு சொன்னாங்கள். அவங்களிலை இரண்டு பேரை ஏறி அவிட்டு வரச் சொல்லி நான்தான் அனுப்பினனான். இப்ப மேலைதான் நிப்பாங்கள்."

நான் சட்டென்று எழும்பிவிட்டேன். இந்தத் தடவை மரியாதைக்காக அல்ல.

லவ்மோர் எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான். "மாமா, எனக்கேன் சொல்லேல்லை?" அவன் குரல் உடைந்தது.

"துக்கக்காரனிட்டை வேலை சொல்லலாமோ?" என்றார் மாமன், அவன் கேட்டது விளங்காமல்.

வழி கிடைத்ததா, இல்லையா என்று பார்க்காமல் இருவரும் ஓடினோம். பிக்கப்பைப் புல்லுக்குள்ளால் விட்டேன். லவ்மோர் சன்னலால் தலையை வெளியே நீட்டி, டவர் தெரிகிறதா என்று பார்த்தபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தான். நான் ரேடியோவில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, கம்பிக்கு உயிர் வர வழியே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் வேகத்தைக் குறைக்கவில்லை, வண்டி துள்ளித் துள்ளிப் போனது. மாட்டுவண்டிக்காரர் விறகைச் சற்று முந்தியே இறக்கிவிட்டுப் போயிருந்தால், நான் அந்த நேரத்தில் மேட்டில் நின்று தெம்போவிடம் 'எல்லாரும் இறங்கியாச்சு' என்று வாசித்துக்கொண்டிருப்பேன்.

டவரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் உச்சிக் குறுக்குச் சட்டத்தில் குந்தியிருந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். மற்றவன் அவிழ்ந்த நுனியைக் காற்றில் வீசி, மின்கம்பிக்கு மேலால் எறிந்து எடுத்துக்கொண்டிருந்தான். அதுதான் சுருக்கான வழியாம். எங்களைக் கண்டதும் கையசைத்தார்கள்.

"வந்திட்டம் ஃபோர்மன்! முடிஞ்சுது!"

லவ்மோர் ஒன்றும் கத்தவில்லை. கையால், இறங்குங்கள் என்று மட்டும் காட்டினான். அவர்கள் இறங்கி நிலத்தில் கால் வைத்ததும் ஒருவனுடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். பிடித்தபடியே நின்று அழுதான். தமையனுக்காக அதுவரை அழுததெல்லாம் வேறு, இது வேறு. அந்தப் பையன்கள் இருவருக்கும் ஏன் என்று விளங்கவில்லை; அவர்களும் தமையனுக்காகத்தான் என்று எண்ணி, "பொறுங்கோ அண்ணை, பொறுங்கோ," என்று அவன் முதுகைத் தடவினார்கள்.

பிறகு லவ்மோர் முழுக் குழுவையும் கூப்பிட்டு நிலத்தில் வரிசையாக இருத்தினான். கயிறு, கப்பி, பை எல்லாம் டவரிலிருந்து வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்தான். முதல் கையெழுத்தை வெட்டி, கீழே இன்னொன்று போட்டான். எல்லாரும் இறங்கியாச்சு என்று, நான் கேட்கும் முன்னமே இரண்டு தரம் சொன்னான்.

மேட்டுக்குப் போய் ரேடியோவை எடுத்தேன். தெம்போவின் குரல் வந்தது.

"மேலை போன எல்லாரும் கீழை வந்திட்டினமோ?"

"ஓம்."

"மேலை போன எல்லாரும் கீழை வந்திட்டினமோ?"

 எல்லை தாண்டும் குரல் என்று சான்றிதழ் வாங்கியவன், ஒரு 'ஓம்' சொல்ல முடியாமல் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தெம்போ அவசரப்படுத்தவில்லை. பின்னால் டைரக்டர் ஏதோ கேட்பது கேட்டது.  கடைசியில், "ஓம், தெம்போ. நான் என்ரை கண்ணாலை கண்டனான்," என்றேன்.

"நன்றி," என்றார்.

அவர் நாற்காலியை விட்டு எழும்பிய கதையைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மெத்தையைத் தூக்கிச் சாவியை எடுத்ததை டைரக்டர் பார்த்துக்கொண்டு நின்றாராம். "முழங்கால் இப்ப பரவாயில்லையோ?" என்று மட்டும் கேட்டாராம். நான் மேட்டிலேயே நின்றேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எல்லைக்கு அப்பால் அந்தச் சிறு நகரத்தில் முதலில் ஒரு வீதி விளக்கு, பிறகு கொத்தாகச் சில, பிறகு ஆசுபத்திரி மதிலின் நீள வரிசை. தெம்போவின் தங்கச்சி மருமகளுக்குப் பெண்பிள்ளை. அது டீசல் வெளிச்சத்தில் முன்னமே பிறந்துவிட்டதாம், எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அடக்கத்துக்குப் போனேன். டவரிலிருந்து வந்த அந்தக் கயிற்றை இரண்டு துண்டாக்கித்தான் பெட்டியை இறக்கினார்கள். நான்கு நுனியில் இரண்டை அந்த இரண்டு பேரும் பிடித்திருந்தார்கள். பாரம் ஒரு பக்கம் சாயாமல், கொஞ்சம் கொஞ்சமாக, கையிலிருந்து கைக்கு விட்டார்கள். நல்ல வேலைக்காரர்கள். எல்லாரும் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மண் போட்டு முடிந்ததும், ஒளித்தோடுகிறவன் என்ற பெயரைக் கழுவ வேண்டுமென்று மாமன் முன்னால் போய் நிலத்தில் இருந்தேன். வழி கேட்டேன். எங்கே போகிறேன், யார் வீட்டுக்கு, மனைவி என்ன வேலை, பிள்ளை எத்தனையாம் வகுப்பு, வீதியில் எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நிழல் நகர்ந்து அவர் மடிக்கு வந்துவிட்டது.

"தம்பி," என்றார் கடைசியில், "வழி நான் தந்து கனநேரம். நீர்தான் எடுக்கிறீரில்லை."